ஆறரை நிமிடப் போட்டிக்கு ஆண்டு முழுவதும் மெதுவாகத் துடுப்பு போடுவது ஏன்?

சர்வதேசத் துடுப்புப் படகுப் போட்டியின் தூரம் 2,000 மீட்டர். ஆறு தடங்கள், நேர்கோடு, மிதவை கட்டிய எல்லைகள். ஒருவரே இரு கைகளிலும் துடுப்பு பிடித்து ஓட்டும் சிங்கிள் ஸ்கல் படகில் 2017இல் போலந்தின் போஸ்னான் நகரில் நியூசிலாந்து வீரர் ராபி மேன்சன் இந்தத் தூரத்தை 6 நிமிடம் 30.74 விநாடியில் கடந்தார். முன்னணி ஆண் வீரர்கள் பலருக்கும் நல்ல தண்ணீரில் ஆறே முக்கால் நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். நிமிடத்துக்கு 36 ஸ்ட்ரோக் என்று வைத்துக்கொண்டால், மொத்தமே 240 முறை துடுப்பை இழுத்தால் போதும்.

அதே வீரரை அக்டோபர் மாதக் காலையில் பயிற்சியில் பார்த்தால் நிமிடத்துக்கு 18 முறைதான் இழுத்துக்கொண்டிருப்பார். ஒன்றரை மணி நேரம் அப்படியே போவார். மாலையில் மறுபடியும் அதேதான். புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு இது புரிவதில்லை. ஓட்டப் பந்தயக்காரர் ஆண்டு முழுவதும் நடந்து பழகுவது போலத் தோன்றும். அந்தப் பதினெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், உயர்நிலைத் துடுப்பு வீரரின் ஓராண்டுத் திட்டம் முழுவதும் புரிந்துவிடும்.

ஒரு ஸ்ட்ரோக்கின் கணக்கு

துடுப்பு வீரர் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்கிறார். இருக்கைக்கு அடியில் சக்கரங்கள் உண்டு. அது தண்டவாளம் போன்ற இரு சட்டங்களில் முன்னும் பின்னும் நகரும். பாதங்கள் பலகையில் மாட்டியிருக்கும் காலணிக்குள் இருக்கும். முழங்காலை மடக்கி, கைகளை நீட்டி, துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் இறக்கும் கணத்துக்கு ‘கேட்ச்’ என்று பெயர். அங்கிருந்து முதலில் கால்கள் தள்ளும், பிறகு இடுப்பு திறக்கும், கடைசியில்தான் கை இழுக்கும். அலகை வெளியே எடுத்து, மணிக்கட்டைத் திருப்பிப் படுக்கைவாக்கில் வைத்துக்கொண்டு, மீண்டும் கேட்சுக்கு நகர்வது ‘ரிகவரி’. கைகளால் படகு ஓட்டுகிறார்கள் என்று நினைப்போம். உண்மையில் பெரும்பங்கு வேலையைத் தொடைகளும் இடுப்பும் செய்கின்றன.

இனி அந்தப் பதினெட்டுக்கு வருவோம். தரையில் பயிற்சி செய்ய உதவும் எர்கோமீட்டர் இயந்திரத்தில் (வீரர்கள் ‘எர்க்’ என்பார்கள்) ஒவ்வொரு 500 மீட்டருக்கும் ஆகும் நேரம் திரையில் தெரியும். இதுதான் ‘ஸ்பிளிட்’. 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்றால் சுமார் 202 வாட் திறன். 1 நிமிடம் 45 விநாடி என்றால் 302 வாட். 1 நிமிடம் 30 விநாடி என்றால் 480 வாட். நேரம் கால்பங்கு குறைய, திறன் இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டியிருக்கிறது. திறன் வேகத்தின் முப்படியாக ஏறுவதுதான் காரணம். தண்ணீரிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

எர்கில் 2,000 மீட்டரை ஆறு நிமிடத்தில் முடிப்பவர் 480 வாட் கொடுக்கிறார். ரேட் (நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்ற எண்ணிக்கை) 36 என்றால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 800 ஜூல் வேலை. அதே ஆள் பயிற்சியில் 2 நிமிட ஸ்பிளிட்டில், ரேட் 18இல் போகும்போது திறன் 202 வாட்தான், போட்டியில் தருவதில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு வகுத்துப் பாருங்கள்: 675 ஜூல். போட்டியில் இழுக்கும் ஸ்ட்ரோக்கில் 84 சதவீதம்! மெதுவாகப் போகிறார் என்று கரையில் நிற்பவர் நினைக்கிறார். அவரோ கிட்டத்தட்ட போட்டி அளவு ஸ்ட்ரோக்கைத்தான் இழுக்கிறார். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு நடுவே உள்ள இடைவெளி மட்டும்தான் நீண்டிருக்கிறது. 20 கிலோமீட்டர் போய்த் திரும்பும்போது அப்படி 1,500க்கும் மேற்பட்ட ஸ்ட்ரோக் இழுத்திருப்பார். ஆறு போட்டிகளுக்கான ஸ்ட்ரோக் அது, ஒரே காலையில்.

அந்த இடைவெளிக்கும் பயன் உண்டு. சிங்கிள் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. அதில் உட்காரும் ஆண் வீரர் 90, 95 கிலோ இருப்பார். ரிகவரியில் அந்தப் பெரிய எடை படகின் பின்முனையை நோக்கி நகரும்போது, லேசான படகு எதிர்த்திசையில் முன்னால் ஓடுகிறது. படகு மிக வேகமாகப் போகும் தருணம் துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்போது வருவதில்லை. துடுப்பு வெளியே இருக்கும் இந்த நேரத்தில்தான் வருகிறது. வீரர் அவசரப்பட்டு இருக்கையில் சறுக்கி வந்து கால்பலகையில் மோதினால், அந்த ஓட்டம் அங்கேயே அறுந்துபோகும். ரேட் 36இல் இந்தத் தவறு கண்ணுக்குத் தப்பிவிடும். பதினெட்டில், ஒவ்வொரு ரிகவரிக்கும் இரண்டு விநாடிக்கு மேல் கிடைப்பதால், படகுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் சட்டென்று நிற்பதைக் காதாலேயே கேட்கலாம். திருத்திக்கொள்ள நேரமும் இருக்கிறது.

எஞ்சினைப் பெரிதாக்குவது

2,000 மீட்டர் போட்டியில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தித் தசைகள் உண்டாக்குவது. மூச்சுமுட்டும் முதல் நிமிடமும் கண் இருளும் கடைசி நிமிடமும் நினைவில் நிற்பதால் வெறும் பலப் பரீட்சை போலத் தோன்றும். நடுவில் உள்ள நான்கு நிமிடங்களைத் தாங்குவது இதயமும், நுண்ணிய இரத்தக் குழாய்களும், தசை செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும்தான். இவற்றை வளர்க்க முக்கிய வழி: குறைந்த தீவிரத்தில் மிக நீண்ட நேரம். உயர்நிலை வீரர் வாரத்துக்கு 10 முதல் 14 அமர்வுகள் செய்கிறார். அதில் ஐந்தில் நான்கு பங்கோ அதற்கு மேலோ இந்த வகை. தண்ணீரில் மட்டும் 150 கிலோமீட்டரைத் தாண்டும் வாரங்களும் உண்டு.

எவ்வளவு குறைந்த தீவிரம் என்பதை இரத்தம் சொல்லும். படிநிலைச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. எர்கில் நான்கு நிமிடம் ஒரு வேகம், ஒரு நிமிட ஓய்வு, அடுத்த நான்கு நிமிடம் சற்றுக் கூடுதல் வேகம் என ஏழு படிகள். ஏழாவது படி முழுமூச்சு. ஒவ்வொரு ஓய்விலும் காதுமடலில் சிறு ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் தொட்டு லாக்டேட் (தசை கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் கூடும் பொருள்) அளவைப் பார்ப்பார்கள். குத்துவதற்கு முன் காதை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். முதல் சொட்டையும் துடைத்து எறிய வேண்டும். வியர்வையிலும் லாக்டேட் இருப்பதால், ஒரு துளி கலந்தாலும் எண் எகிறிவிடும். அந்தப் பொய்யான எண்ணை நம்பி வகுத்த பயிற்சி பல வாரங்களுக்குத் தப்பாகவே போகும்.

லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே நிற்கும் வேகம்தான் அடித்தளப் பயிற்சியின் வேகம். 4 மில்லிமோல் அளவில் தாங்கும் எல்லை வருகிறது; அதன் சரியான இடம் ஆளுக்கு ஆள் மாறும். அடித்தள வேகத்தில் இதயத்துடிப்பு உச்சத்தில் 65 முதல் 75 சதவீதம் வரை இருக்கும். பக்கத்துப் படகில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கெட்டுப்போகிறார்கள். தேசிய அணியில் இருப்பவர்கள் அனைவரும் போட்டி மனம் கொண்டவர்கள். பக்கத்துத் தடத்தில் ஒருவர் அரைப் படகு நீளம் முந்தினால் கை தானாக அழுத்தும். 2 மில்லிமோல் 3 ஆகும். அன்று ஒன்றும் தெரியாது, நன்றாகப் பயிற்சி செய்த திருப்திகூட வரும். இப்படியே மூன்று வாரம் போனால், தசையில் சேமித்த மாவுச்சத்து நிரம்பாது, தூக்கம் கெடும், உண்மையிலேயே கடுமையாகச் செய்ய வேண்டிய வியாழக்கிழமைப் பயிற்சியில் வேகம் வராது. அடித்தளத்துக்கு வேகம் அதிகம், கூர்மைக்கு வேகம் குறைவு என்ற இரண்டுங்கெட்டான் நிலை இது. மெதுவாகப் போகத் துணிவது இந்த விளையாட்டில் தனித் திறமை என்றே சொல்வோம்.

இன்னொரு நுணுக்கம்: அதே வேகத்தில் போனாலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வெப்பத்தாலும் நீர் இழப்பாலும் இதயத்துடிப்பு மெல்ல ஏறும். பத்துத் துடிப்பு ஏறிவிட்டால் ஸ்பிளிட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வேகத்தை இரண்டு மூன்று விநாடி விட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்த நாள் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்.

கராபிரோவில் ஓர் ஆண்டு

நாடு எதுவானாலும் திட்டத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான். நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அங்கே பருவமே தலைகீழ். அந்நாட்டு அணியின் வீடு வைகாட்டோ ஆற்றின் நீர்மின் அணைக்குப் பின்னால் தேங்கிய கராபிரோ ஏரி. 1978, 2010 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகச் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. ராப் வாடெல், இரட்டையர் ஜார்ஜினா, கரோலின் எவர்ஸ்-ஸ்விண்டெல், மாஹே டிரைஸ்டேல் ஆகியோரை உருவாக்கிய பயிற்சியாளர் டிக் டாங்ஸ் கிலோமீட்டர் கணக்கைக் குறைக்காதவர் என்று பெயர் பெற்றவர். 2009 முதல் 2016 வரை 69 போட்டிகளில் தோற்காத ஹாமிஷ் பாண்ட், எரிக் முர்ரே ஜோடியும் அந்த ஏரியில் வளர்ந்ததுதான்.

உலகச் சாம்பியன்ஷிப் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் முடியும். பிறகு சில வாரங்கள் துடுப்பைத் தொடுவதில்லை. சைக்கிள், நடை, வீட்டுச் சாப்பாடு. இந்த ஓய்வைத் திருடுபவர்கள் பிப்ரவரியில் விலை கொடுப்பார்கள்.

வடக்கு நாடுகளில் அக்டோபர் முதல் மார்ச் வரை குளிர், உறைபனி, எர்க் அறை. நியூசிலாந்தில் அப்போதுதான் வசந்தமும் கோடையும் வருவதால் அடித்தளம் முழுவதையும் தண்ணீரிலேயே போடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ரேட் 18 முதல் 20. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எடைப் பயிற்சி: ஸ்குவாட், டெட்லிஃப்ட், உயரமான பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு பளுவை மார்புக்கு இழுக்கும் பெஞ்ச் புல். சோதனைக்கு 30 நிமிட எர்க், ரேட் 20க்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. ரேட்டைக் கூட்டி ஒளிந்துகொள்ள முடியாத சோதனை இது. யாருடைய ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சரக்கு இருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

பிப்ரவரியில் தேசியச் சாம்பியன்ஷிப், ஓர் ஆண்டு கராபிரோவில், மறு ஆண்டு தெற்குத் தீவின் ருவாடானிஃபா ஏரியில். அதையொட்டி அணித் தேர்வு. சிங்கிள் படகில் தேர்வு எளிது, முன்னால் வந்தவர் உள்ளே. குழுப் படகில் இருக்கை மாற்றிப் பார்ப்பார்கள்: நால்வர் படகு இரண்டை ஒன்றாக ஓட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரை மாற்றி மறுபடி ஓட்டி, எந்தப் படகு எத்தனை மீட்டர் பெற்றது அல்லது இழந்தது என்று கணக்கிடுவார்கள். வெவ்வேறு வகைப் படகுகளை ஒப்பிட, அந்த வகையில் தங்கம் வெல்லத் தேவைப்படும் நேரத்தில் எத்தனை சதவீத வேகம் என்று பார்ப்பார்கள். காற்று இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். எதிர்க்காற்றில் சிங்கிள் படகு அரை நிமிடம்கூட இழக்கும். எட்டுப் பேர் படகுக்கு அவ்வளவு அடி விழாது. அமைதியான காலைத் தண்ணீரில் எடுத்த சதவீதத்தை மட்டும் நம்புவது நல்லது.

மார்ச்சுக்குப் பிறகு திட்டத்தின் நிறம் மாறுகிறது. ரேட் 24 முதல் 28 வரை எட்டு, பத்து நிமிடத் துண்டுகள் நுழைகின்றன. பிறகு ரேட் 30 முதல் 34 வரை 1,000 மீட்டர், 750 மீட்டர் துண்டுகள், நடுவே நீண்ட ஓய்வு. கடைசியாக 250 மீட்டர் போட்டி வேகத்தில். அப்போதும் வாரத்தின் பெரும்பகுதி பதினெட்டுதான். கூர்மையான பயிற்சி வாரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

ஐரோப்பிய அணிகள் சில நடுவே மலைக்குப் போகின்றன. ஆஸ்திரியாவின் சில்வ்ரெட்டா ஏரி 2,000 மீட்டருக்கும் மேல், ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் இருக்கிறது. முதல் நாட்களில் அங்கே வழக்கமான ஸ்பிளிட்டைத் தேடினால் அந்த முகாமே வீண். இதயத்துடிப்பைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

உடம்பு எங்கே உடைகிறது

துடுப்பு வீரர்களின் தனி நோய் விலா எலும்பில் வரும் நுண்முறிவு. தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகள் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் விலாவை வளைக்கின்றன. கிலோமீட்டரைத் திடீரென்று கூட்டினாலோ, தண்ணீரை விட்டு எர்கில் அதிக நேரம் செலவிட்டாலோ, எர்கின் காற்றுக் கதவை உச்ச எண்ணான 10இல் வைத்து இழுத்தாலோ இது வரும். தும்மினால் குத்தும், படுக்கையில் புரண்டால் குத்தும். வந்துவிட்டால் பல வாரம் சைக்கிள் மட்டும்தான். எர்கின் கதவு எண் உயர்ந்தால் பயிற்சி கடினமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கனமான படகை இழுக்கும் உணர்வைத்தான் தருகிறது. உயர்நிலை வீரர்கள் இயந்திரத்தின் திரையில் தெரியும் இழுவை எண்ணைப் பார்த்து, பெரும்பாலும் 110 முதல் 135க்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

கீழ் முதுகு அடுத்தது. களைத்த நிலையில் இடுப்பை விட்டு முதுகை வளைத்துக் கேட்சுக்குப் போவதால் வருவது. மணிக்கட்டில் தசைநார் வீக்கம், துடுப்பைக் கெட்டியாகப் பிடிப்பவர்களுக்கு. விரல்களால் கொக்கி போட்டால் போதும்.

சாப்பாடு குறைந்தால் இவை எல்லாம் விரைந்து வரும். ஒரு பெரிய ஆண் வீரருக்கு அடித்தளக் காலத்தில் நாளுக்கு 5,000 கிலோகலோரிக்கு மேல் தேவைப்படுவது சாதாரணம். காலைப் பயிற்சி முடிந்து கரையேறியதும் அரை மணிக்குள் சோறோ ஓட்ஸோ முட்டையோ வயிற்றுக்குள் போக வேண்டும், மூன்று மணி நேரத்தில் அடுத்த பயிற்சி இருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது கடினப் பயிற்சியின் அடையாளம் என்று பெருமையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது ஆபத்து. உடம்புக்கு ஆற்றல் போதவில்லை, எலும்பு மெலியப் போகிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

படகைச் சரிசெய்வது

சிங்கிள் படகில் துடுப்பைத் தாங்கும் இரு பக்கக் கொண்டிகளுக்கும் இடையே 159, 160 சென்டிமீட்டர். துடுப்பின் நீளம் 287 சென்டிமீட்டரை ஒட்டி. அதில் கொண்டிக்கு உள்ளே இருக்கும் பகுதி 88 சென்டிமீட்டர். இரு கைப்பிடிகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வருவதால், பெரும்பாலானவர்கள் இடது கையை மேலே விட்டு ஓட்டுகிறார்கள். அதற்காக இடது கைத் துடுப்பின் கொண்டியைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தியிருப்பார்கள். இதை மறந்து இரண்டையும் சம உயரத்தில் வைத்தால் படகு ஒரு பக்கம் சாயும், வலது கையின் மேல்தோலை இடது கை நகம் கீறும்.

எதிர்க்காற்று வீசும் நாளில் துடுப்பை லேசாக்க வேண்டும். துடுப்பு கொண்டியில் முட்டி நிற்கும் கழுத்து வளையத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டினால் உள்பகுதி ஒரு சென்டிமீட்டர் கூடும்; அலகில் வரும் சுமை குறையும். போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்புகூட இதைச் செய்யலாம். கொண்டியின் கோணத்தையும் உயரத்தையும் போட்டி வாரத்தில் தொடவே கூடாது.

ஐரோப்பாவுக்குப் புறப்படுதல்

உலகக் கோப்பைப் போட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவில், கோடைத் தொடக்கத்தில். நியூசிலாந்திலிருந்து பயணமே ஒரு நாளுக்கு மேல். நேர வேறுபாடு ஜூனில் 10 மணி நேரம். அதனால் போட்டிக்கு வெகுமுன்பே போய் இறங்கி, முதல் சில நாட்கள் எளிய தூரம் மட்டும் ஓட்டுவார்கள். இறங்கிய மறுநாளே வேகத் துண்டு போட்டவர்களுக்குச் சளி பிடிப்பது அடிக்கடி நடக்கும். ஊக்கமருந்துச் சோதனைக்காக எங்கே இருப்போம் என்று ஒவ்வொரு நாளுக்கும் 60 நிமிட நேரத்தை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். விடுதி மாறும்போது முகவரியை மாற்ற மறந்து, 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் விதிமீறல். இதற்கும் பயிற்சி அட்டவணையில் ஓர் இடம் வேண்டும்.

போட்டிக்குப் பத்துப் பதினான்கு நாள் முன்பு தூரத்தைப் பாதியளவுக்குக் குறைப்பார்கள். வேகத் துண்டுகள் மட்டும் அப்படியே, எண்ணிக்கையில் குறைந்து நிற்கும். ஓய்வென்று எல்லாவற்றையும் நிறுத்தினால் உடம்பு கல்லாகக் கனக்கும்.

மிகவும் அஞ்ச வேண்டியது வயிற்றுக் கோளாறு. மாஹே டிரைஸ்டேல் 2005 முதல் 2007 வரை தொடர்ந்து மூன்று முறை உலகச் சாம்பியன்; 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போனபோது தங்கம் அவருக்கே என்று பலரும் எதிர்பார்த்தார்கள். போட்டி வாரத்தில் வயிற்றுத் தொற்று வந்து எடை இறங்கியது. இறுதிப் போட்டியில் முன்னால் போய்க்கொண்டிருந்தவரை, கடைசிப் பகுதியில் நார்வேயின் ஓலாஃப் டுஃப்டேவும் செக் வீரர் ஒண்ட்ரேய் சினெக்கும் தாண்டினார்கள். வெண்கலம்தான் கிடைத்தது. அதே நாட்களில் அதே ஏரியில் எவர்ஸ்-ஸ்விண்டெல் இரட்டையர் 0.01 விநாடியில் தங்கம் வென்றார்கள். இவ்வளவு மெல்லிய இடைவெளியில் ஜெயிக்கும் தோற்கும் விளையாட்டில், கை கழுவுவதும், அடுத்தவர் குடித்த பாட்டிலில் வாய் வைக்காததும், ஏரித் தண்ணீர் தெறித்த பாட்டில் மூடியைத் துடைப்பதும் பயிற்சியின் பகுதிதான். டிரைஸ்டேல் 2012இல் லண்டனிலும் 2016இல் ரியோவிலும் தங்கம் வென்றார். ரியோவில் அவரும் குரோஷியாவின் டாமிர் மார்ட்டினும் 6:41.34 என்ற ஒரே நேரத்தில் முடித்தார்கள், புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள்.

போட்டி நாளில் தொடக்க மேடையில் ஒருவர் குப்புறப் படுத்து, படகின் பின்முனையைக் கையால் பிடித்திருப்பார். சிவப்பு விளக்கு பச்சையாக மாறியதும் விடுவார். முதல் பத்து ஸ்ட்ரோக் ரேட் 44க்கு மேல்; அரை நிமிடத்துக்குள் 35, 36க்கு இறங்கிவிட வேண்டும். இறங்க மனமில்லாமல் 40இல் ஒட்டிக்கொண்டவர், மூன்றாவது 500 மீட்டரில் நின்றுபோவது போல் ஆகிவிடுவார். திறன் வேகத்தின் முப்படி என்பதால், சீராகப் போவதே குறைந்த செலவு. கடைசி 250 மீட்டரில் மீதமிருப்பதைக் கொட்டலாம்.

உலகச் சாம்பியன்ஷிப் வாரத்தில் ஒரே வீரர் தகுதிச் சுற்று முதல் இறுதி வரை நான்கைந்து முறை இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு போட்டி முடிந்ததும், வென்றவரும் தோற்றவரும், கரைக்கு வராமல் பக்கத்து நீரில் இருபது நிமிடம் ஓட்டுவார்கள். தசையில் தேங்கிய லாக்டேட் அப்படித்தான் விரைவாகக் கரையும். அப்போதும் ரேட் 18.